வரேன் என்றால்

தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று என் மகளிடம் நான் சொல்வது ஒரே வார்த்தைதான். "வரேன்." கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது என்று அடித்து வளர்த்த வாய் இது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஓடுவேன். நான் நர்ஸ். ஆறரைக்கு வார்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நிமிடம் பிந்தினாலும் தலைமை நர்ஸின் வாயில் விழுந்து எழ வேண்டியதுதான்.

மகளுக்கு இரண்டேகால் வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். பகலெல்லாம் என் தங்கைதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஆள் இல்லையென்று இரண்டு நாள் என்னை வார்டிலேயே பிடித்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் விட்டதும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் செய்தேன். தங்கை போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். ஆசை ஆசையாக, "சுண்டு, அம்மா வரேன்டி" என்றேன். அவ்வளவுதான், வீறிட்டு அழுதாள். போன் தரையில் விழுந்த சத்தமும் கேட்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவள் வருகிறாள் என்றால் இப்படியா அழுவாள்? தங்கை செல்லம் கொடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் என்று பஸ்ஸில் வழி முழுக்கக் கறுவிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்த கையோடு அவள்மேல் பாய்ந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீ வரேன்னு சொன்னா, நீ கிளம்பிடுவேன்னு அவளுக்கு அர்த்தம்க்கா. வேற எப்ப அவகிட்ட அந்த வார்த்தையச் சொல்லியிருக்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. வருவேன் என்று சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தையை என் பிள்ளைக்குப் பயமாக்கி வைத்திருக்கிறேன். அன்று முழுக்க சுண்டுவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இனி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் காலை வாசலில் குனிந்து, அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சுண்டு, அம்மா போறேன்" என்றேன். இதென்ன பேச்சு என்று தங்கை உள்ளேயிருந்து அதட்டினாள். சுண்டு அழவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே ஓடினாள். அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு லேசான காரியத்தை இத்தனை நாள் செய்யாமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் தன் துண்டை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

குளிப்பாட்டப் போறேன், ஊட்டி விடப் போறேன், கதை சொல்லப் போறேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னபோதெல்லாம் அவளோடுதான் இருந்திருக்கிறேன். சுண்டு தானாகவே சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

மணி ஆறு ஐந்து. நான் படியிறங்கினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நான் குளிப்பாட்டுவேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.