பெல்ட்டில் இரண்டு விரல்

ஞாயிற்றுக்கிழமை காலை வெண்டல் க்ராட்ஸ் பழைய பெல்ட்டைத் தேடி எடுத்தார். அலமாரியின் அடியில், காலணிப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அகலமான பழுப்புத் தோல். பெல்ட் தேய்ந்தால் கொக்கி போடும் துளைகளைச் சுற்றித்தான் தேயும். இது முதுகுப் பக்கம் தேய்ந்திருந்தது. நடுமுதுகுக்கு நேராகத் தோல் கறுத்து, வெளியே வளைந்து, இரண்டு விரல் நுழைய இடம் விட்டு நின்றது. தன் விரல்களை அதில் நுழைத்துப் பார்த்தார். அவற்றுக்கு அந்த இடம் பெரிதாக இருந்தது.

வலது முழங்கை வீங்கியிருந்தது. நேற்று விழுந்ததில் பட்ட அடி. வாசல் கதவைத் திறந்தார். ஜெயித்த வாரங்களில் ஞாயிறு காலை யாராவது கேக் வைத்துவிட்டுப் போவார்கள். இன்று வாசல் சுத்தமாக இருந்தது. மக்காச்சோளம் அறுத்து முடிந்த வயல்கள் தெருக்கோடியில் தொடங்கி வானம் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தன.

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் அந்தச் சிறிய கல்லூரிக்கு அவர், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்குப் பயிற்சியாளராக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்தபோது ஒரு பக்கம் மட்டும் மரப் பலகைகள் போட்ட மைதானம். மறுபக்கம் வேலியில் சாய்ந்துகொண்டு மாடுகள் ஆட்டம் பார்க்கும். இப்போது ஊர் ஜனங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தாலும் இருக்கை மிச்சமாகும் அளவுக்கு அரங்கம். நான்கு முறை கோப்பை. பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டு தடவை கூப்பிட்டன, போகவில்லை. அரங்கத்துக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர். வங்கியிலும், முடிவெட்டும் கடையிலும், தேவாலயத்திலும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். போதகர்கூட ஜெபத்தில் 'நம் கோச்சுக்காக' என்றுதான் சொல்வார். கடவுளுக்கு யாரென்று புரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

மனைவி மார்னா இந்த ஊருக்கு வந்த பன்னிரண்டாவது வருடம் அவரை விட்டுப் போனாள். அது கோப்பை ஜெயித்த வருடம். சண்டை எதுவும் இல்லை. அரிசோனாவில் தங்கையிடம் போகிறேன் என்றாள். எப்போது என்று கேட்டார். திங்கட்கிழமை என்றாள். திங்கட்கிழமை அவருக்குக் கூட்டம் இருந்தது.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

டுவேன் ஸ்வோபோடா கல்லூரி அணியின் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். வாரத்தில் ஐந்து நாள் மாணவர்களுக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுப்பார். சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை. ஆட்டம் நடக்கும்போது கோச்சின் பின்னால் நின்று, அவர் பெல்ட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டிருப்பது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு, ஓரத்து நடுவர் ஓடுவதற்கு. அதற்குள் அணிக்காரர் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு ஆட்டத்தில் முதல் தடவை எச்சரிப்பார்கள். நடுவர் மேல் மோதிவிட்டால் அணியைப் பதினைந்து கெஜம் பின்னால் தள்ளும் தண்டனை. இது வெண்டலுக்கும் தெரியும். ஆனால் பந்து நகர்ந்தால் அவர் காலும் நகர்ந்துவிடும், கோடு கண்ணில் படாது. அப்போது முதுகில் ஒரு இழுப்பு. கோபமில்லாத, வண்டியைப் பின்னால் எடுப்பது போன்ற இழுப்பு. இருபத்து மூன்று வருடம் அது இருந்தது. அது இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லாத அளவுக்கு இருந்தது.

போன வருடம் யாரோ அதைப் படம் பிடித்து, நாய் குரைக்கும் சத்தத்தைச் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் வெளியூர் மைதானத்தில் எதிரணி மாணவர்கள் நாய்ச்சங்கிலிகளை ஆட்டிக்கொண்டு குரைத்தார்கள். திங்கட்கிழமை நடைக்கூடத்தில் வைத்து வெண்டல் சொன்னார், இனிமேல் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. சரி கோச் என்றார் டுவேன். பருவம் முடிந்ததும் ஓய்வு வாங்கிக்கொண்டார். கேக் வெட்டி அனுப்பினார்கள். வெண்டல் அன்று அணிக்கு எடுக்க டெக்சஸில் ஒரு பையனைப் பார்க்கப் போயிருந்தார்.

இந்தப் பருவத்தில் மூன்று தடவை எச்சரிக்கை வாங்கிய பிறகு, துணைப் பயிற்சியாளன் ஒருவனைப் பின்னால் நிறுத்தினார்கள். நேற்று கடைசிச் சில நிமிடங்களில், ஆட்டத்தில் நல்ல கட்டம் ஒன்று வந்தது. அவன் பிடியை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டான். வெண்டல் உள்ளே போனார், ஓடி வந்த நடுவர் மோதினார், இரண்டு கிழவர்களும் புல்லில் உருண்டார்கள். பதினைந்து கெஜம். தோல்வி. இன்னொரு தடவை நடந்தால் நீங்கள் அரங்கத்துக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துதான் ஆட்டத்தை நடத்த வேண்டியிருக்கும் என்று கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் ராத்திரி போனில் மரியாதையாகச் சொன்னார்.

கதவைத் திறந்தது ஆர்லீன், டுவேனின் மனைவி. உள்ளேயிருந்து லவங்கப்பட்டை போட்டுச் சுட்ட ரோல் வாசனை வந்தது. இந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"வெண்டல். கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நேத்து டிவில பார்த்தோம். நீங்க கோட்டுக்கிட்ட வந்தீங்களோ இல்லையோ, இவர் என் ஸ்வெட்டரைப் பிடிச்சு ஒரே இழு. காப்பி பூரா மடியில. பின்னி முடிச்சு ஒரு வாரம்கூட ஆகல, பாருங்க, முழம் நீண்டுபோச்சு."

ஸ்வெட்டரின் பின்பக்கத்தைத் திரும்பிக் காட்டினாள். உண்மையிலேயே நீண்டிருந்தது. வெண்டல் சிரிக்க முயன்றார்.

டுவேன் கொட்டகையில் இருந்தார். பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். எழுந்திருக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வெண்டல் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியில் உட்கார்ந்தார். கார்புரேட்டரா என்று கேட்டார். ஆமாம், போன வருட பெட்ரோல் உள்ளேயே கெட்டியாகிவிட்டது என்றார் டுவேன். இந்த வருடம் பனி சீக்கிரம் வருமாம். அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள்.

எத்தனையோ வீடுகளின் கூடத்தில் உட்கார்ந்து, பெற்றவர்கள் மனதைக் கரைத்துப் பிள்ளைகளை அணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் வெண்டல். எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கொட்டகையில் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"டிவில எப்படி இருந்துச்சு ஆட்டம்?" என்றார்.

டுவேன் ஒரு திருகாணியைத் துடைத்துத் துணியில் வைத்தார்.

"நல்லா ஆடுறாங்க கோச். எனக்கே ஆச்சரியம். இந்த வருஷம்தான் நான் ஆட்டமே பார்க்கிறேன்."

"இருபத்து மூணு வருஷம் மைதானத்துலயே நின்னியே."

"உங்க முதுகைத்தானே பார்த்தேன். ஆட்டத்தைப் பார்த்தா உங்களை விட்டுருவேனே. கூட்டம் கத்துறதை வெச்சு ஜெயிச்சோமா தோத்தோமான்னு தெரிஞ்சுக்குவேன். மூணாவது கோப்பை, அந்தக் கடைசிப் பந்து, ஊரே இன்னும் பேசுது. போன மாசம் பழைய படம் போட்டாங்க. அப்பத்தான் பார்த்தேன். பிரமாதமான பந்து கோச்."

அதில் குறை எதுவும் இல்லை. ஒரு படத்தைப் பற்றிச் சொல்வது போல்தான் சொன்னார். வெண்டல் கால்களுக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூள் போட்டிருந்தது. நேற்று விழுந்தபோது வலித்தது முழங்கை இல்லை. கோட்டைத் தாண்டிய அந்த ஒரு நொடி, இழுப்பு வரும் என்று உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்து கொடுத்தது. பின்னால் ஒன்றும் இல்லை. மாடிப்படி முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்தது போல. இதைச் சொல்லலாம் என்று நினைத்தார். மார்னா போன பிறகு தன்னைத் தொட்ட கைகளை எண்ணிப் பார்த்தால் வைத்தியர், முடிவெட்டுகிறவர், கை குலுக்குகிறவர்கள், பிறகு டுவேன் என்றும் சொல்லலாம்.

"அந்த இடம் காலியாத்தான் இருக்கு" என்றார்.

"தெரியும் கோச். பார்த்தேன்."

"சனிக்கிழமை இங்கதான் ஆட்டம். கடைசி ஆட்டம்."

டுவேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்வை கீழே போய், வெண்டலின் இடுப்பில் நின்றது. பெல்ட்டைக் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆர்லீன் சமையலறை ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள், சில்லிக் குழம்பு சூடாக இருக்கிறது, ரோலும் எடுத்தாயிற்று, இரண்டு பேரும் வரலாம் என்று. வெண்டலுக்குப் பசித்தது. கூட்டம் இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லை என்பது டுவேனுக்குத் தெரியும். கார் வரைக்கும் நொண்டிக்கொண்டே கூட வந்தார். கதவை மூடும்போது, கோச், நேத்து நீங்க வலது கால்தான் முதல்ல வெச்சீங்க, எப்பவும் அதுதான், என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நல்ல குளிர். வடக்கிலிருந்து காற்று. வெண்டல் மேலங்கியைப் பெல்ட்டுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். துணைப் பயிற்சியாளனைக் கிட்டே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் இடம் அப்படியே இருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் நெருக்கியடித்து நின்றாலும் அதில் யாரும் வந்து நிற்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூத்தவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் பழகிக்கொண்டது. ஆட்டம் தொடங்கும் வரை, தண்ணீர் வண்டி உள்ளே வரும் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டுவேன் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவார். தண்ணீர் வண்டி வந்தது. வாயிலை மூடினார்கள்.

முதல் பாதி முழுக்க வலது காலைக் கவனித்துக்கொண்டே இருந்தார். காலைக் கவனித்ததில் ஆட்டத்தின் இரண்டு முக்கிய நகர்வுகள் கண்ணில் படவில்லை. கோட்டைத் தாண்டவும் இல்லை. ஹெட்செட்டில் யாரோ கோச், கோச் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆட்டம் முடியும் நேரம் நான்கு புள்ளி பின்னால் இருந்தார்கள். பந்து எதிரணியின் எல்லைக்கு மிக அருகில். ஒரே ஒரு வாய்ப்பு. எப்படி ஆட வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். பையன்கள் தலைகளைச் சேர்த்து வட்டமாகக் குனிந்தார்கள். அப்போது முதுகில் குளிர்ந்தது. மேலங்கி விலகியிருக்க வேண்டும். சரிசெய்யக் கை பின்னால் போனது, கையோடு தலையும் திரும்பியது.

நடு வரிசையில் ஆர்லீன் போர்த்தியிருந்த சிவப்புக் கம்பளி தெரிந்தது. பக்கத்தில் டுவேன். தலையில் தொப்பி, காதை மூடியிருந்தார். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல முன்வாசல் வழியாக வந்திருக்கிறார்.

வெண்டல் அவரைப் பார்த்தார். அவர் வெண்டலைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் வெண்டலின் தலைக்கு மேலே மைதானத்தில் இருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் மைதானத்தில் தோள்கள் தோள்களில் மோதும் சத்தம் கேட்டது. வெண்டல் திரும்பவில்லை. அந்தக் கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தன, நின்றன, மேலே போயின, மேலேயே தங்கின. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. மீசை நரைத்திருந்தது. பிறகு வலிக்கிற முழங்காலோடு அந்த மனிதர் துள்ளி எழுந்தார். இரண்டு கைகளும் வானத்துக்குப் போயின. அவருக்குப் பின்னால் அரங்கம் முழுவதும் எழுந்தது.

வெண்டல் கீழே பார்த்தார். குதிகால் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தபடியே ஒரு அடி முன்னால் வைத்து, டுவேன் நின்றிருந்த அந்தக் காலி இடத்தில் நின்றுகொண்டார்.