ஒண்ணு வெளிய வாருங்க

மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில், சரக்கு இறக்க லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது எபிசனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதற்குத்தானா இத்தனை ஆசைப்பட்டோம் என்று இருந்தது. பார்த்த இடமெல்லாம் தகரக் கூரை போட்ட குடோன்கள், தூசி, சகதி, லாரிக்குப் பின்னால் லாரி. கடலும் இல்லை, மலையும் இல்லை. ஒரு சாயாக்கடை இருந்தது. அங்கேயும் சாயாவை விரல் நீளக் கண்ணாடித் தம்ளரில் மருந்து போல ஊற்றிக் கொடுத்தார்கள்.

தக்கலையில் பார்சல் வண்டி ஓட்டிய காலத்தில் இந்த ஊர்ப்பெயர் அவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் குட்டியானை என்று சொல்லும் சின்ன வண்டி அது. காலையில் பெட்டிகளை அடுக்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்று ஒட்டியிருக்கும் சீட்டை வாசிப்பான். சூரத், லூதியானா, பிவண்டி. மிக்சியும் சுரிதாரும் செருப்பும் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பி, வழியில் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு இவன் கையில் வந்து சேரும். இவனோ குளச்சலுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு செருப்புப் பெட்டி பார்த்த தேசத்தைக்கூட நான் பார்க்கவில்லையே என்று ஏக்கமாக இருக்கும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் மனைவி பிரீனாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போவான். காற்றாலை இறக்கைகளைச் சுமந்துகொண்டு நீள வண்டிகள் வளைவில் மெல்லத் திரும்புவதை வாய் பிளந்து பார்ப்பான். "ஆளுவ பெஞ்சாதிய வட்டக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவாவ. நீங்க லாரி காட்டக் கூட்டிட்டு வாறிய," என்பாள் அவள்.

பிரீனா அவனைக் கட்டிக்கொண்டதே அந்தக் குட்டியானைக்காகத்தான். அவளுடைய அப்பா மஸ்கட்டில் கிடந்தவர். வீட்டுக்கு அவர் ஃபோனில் கேட்கும் ஒரு குரலாகவே இருந்தார். கடைசியில் ஊரோடு வந்து சேர்ந்தபோது அவரோடு என்ன பேசுவதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கல்ஃப் மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம், மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வருகிற ஒருத்தன் போதும் என்று அடம்பிடித்து இவனுக்குத் தலையாட்டினாள். அவனும் வந்தான். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி அவளுக்கு ஃபோன் போடுவான். வீடுவீடாகச் சொல்லி நாக்கில் ஊறிப்போன அதே வார்த்தைகளை, கஸ்டமருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு சொல்வான்: "வாசல்லதான் நிக்கேன். ஒண்ணு வெளிய வாருங்க."

"நான் என்ன உங்களுக்கு கஸ்டமரா?" என்று வைதுகொண்டே வருவாள். கேட்டின் கொண்டி துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். அதைத் தூக்கி ஒரு உந்து உந்தினால்தான் திறக்கும். சிமென்ட் தரையில் கிரீச்சென்று உரசும். நாளைக்குச் சரிபண்ணிவிடுகிறேன் என்று எபிசன் கல்யாணமான நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

லாரிக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "எனக்க அப்பாவும் சீக்கிரம் வந்திருதேன்னு சொல்லிட்டுத்தான் போனாவ," என்றாள், அவ்வளவுதான். புறப்பட்ட அன்று, ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியை வீட்டுக்கு எதிரே நிறுத்தி, "ஏட்டி, ஒண்ணு வெளிய வா," என்று கூப்பிட்டான். அவள் வரவில்லை. கூட ஓட்டும் குமாரதாஸ் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஜன்னல் திரைகூட அசையவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தார்ப்பாயை அறைந்தது. இத்தனை காலம் ஆசைப்பட்ட ரோடு முன்னால் விரிந்து கிடந்தது. அவனோ கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

வழியெல்லாம் கூப்பிட்டான். எடுக்காமல் இருக்கமாட்டாள். சாப்பிட்டியா என்றால் "ம்". அங்கே மழை உண்டா என்றால் "ம்". கிருஷ்ணா நதியைத் தாண்டினோம், என்ன அகலம் தெரியுமா என்று அவன் வாய் ஓயாமல் சொன்னதற்கும் அதே "ம்"தான். தானும் அவளுக்கு ஒரு ஃபோன் குரலாகிவிட்டோமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் மனசில் தனக்கு இன்னும் இடம் உண்டா என்று தெரியவேண்டும். அதை எந்த வாயால் கேட்பது?

மத்தியானம் குமாரதாஸ் சீட்டிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். பக்கத்தில் ஒரு பார்சல் வண்டி வந்து நின்றது. பெரிய மீசைக்காரன் ஒருத்தன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் பேசிய பாஷை புரியவில்லை; ராகம் புரிந்தது. வாசலில் நிற்கிறேன், வெளியே வாருங்கள் என்கிறான். எபிசனுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் இது சோற்று நேரம். பிரீனாவைக் கூப்பிட்டான். அவள் எடுத்ததும் நாக்கு அதன் பழைய தடத்தில் ஓடிவிட்டது.

"வாசல்லதான் நிக்கேன். ஒண்ணு வெளிய வாருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "இல்லட்டி" என்று தொடங்குவதற்குள் அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது.

"இரிங்க, இரிங்க, வாறேன்," என்றாள் பிரீனா. "மீன் வெட்டின கையி, கழுவக்கூட இல்ல..."

ஓடுகிறாள். மூச்சிரைப்பது அவன் காதுக்குள் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை. பிறகு கொண்டி. தூக்கினாள், உந்தினாள், கேட் சிமென்டில் கிரீச்சென்று உரசியது. வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று அவனை அப்படியே தூக்கிப்போட்டது. அதன் பின்னாலேயே, ஐயோ பாவம், ஏமாற்றிவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது.

ரோட்டில் ஒரு ஆட்டோ போனது. எங்கோ நாய் குரைத்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"எங்க நிக்குதிய?"

"பிவண்டியில," என்றான். "நாக்குத் தவறிச் சொல்லிட்டேன் மக்கா."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரனை அமுக்கினான். குமாரதாஸ் திடுக்கிட்டு எழுந்து, "ஏலே, வண்டிய எடு," என்று கத்தினார். எபிசன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றான். அவள் "ம்" சொல்லவில்லை, ஃபோனை வைக்கவும் இல்லை. உள்ளே திரும்பிப் போவதென்றால் கேட்டைச் சாத்தவேண்டும், சாத்தினால் அந்தச் சத்தம் கேட்கும். அதற்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தான். தக்கலை ரோட்டில் இன்னொரு வண்டி வந்து, வீட்டைக் கடந்து போனது. கொண்டி விழவில்லை.