மாடிப்படி என்கிற ஆள்

அந்த இணையதளத்துக்கு ‘நாலு பேர்’ என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்தே பாதி ஆயுளைக் கழிக்கிற ஜனங்களுக்கு, அந்த நாலு பேரில் ஒருவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல இடம் கிடைத்தால் விடுவார்களா? தினமும் விடிவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும். விருந்தாளி வந்தால் டிவியை அணைக்க வேண்டுமா? பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கிற உரிமை யாருக்கு? நண்பனின் சமையல் வாயில் வைக்க முடியாதபடி இருந்தால் அவனிடம் சொல்லலாமா? புனைபெயரில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், பிடித்தால் இதயம் போடலாம். உலகம் திருந்துகிறதோ இல்லையோ, எழுதியவருக்கு மனசு லேசாகும்.

மடிப்பு மேடம் அதில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையம் ஒன்றில் மடிப்புப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. ‘மடிப்பு மேடம்’ என்பது வேலை செய்கிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால்தான் தளத்தில் ‘நாலாவது மடிப்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது. வீட்டில் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழியில் வேலை செய்வதாலோ என்னவோ, பேச்சும் மேலே ஏறி வராது. திரைக்கு எந்த நிறம், ராத்திரிக்கு என்ன சமையல், பக்கத்து வீட்டுக்காரர் செய்தது நியாயமா, எதற்கும் ஒரே பதில்தான். “உன் இஷ்டம்.”

மாமனாரும் கூட இருந்தார். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் அவருக்கு ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, கட்டிலுக்கு மேலே இருமல். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுவர் எழுப்பச் சோம்பல்பட்டு, வீட்டின் சொந்தக்காரர் ஒரு பிளைவுட் தட்டியை அடித்துவிட்டுப் போயிருந்தார். விடியற்காலை இருமல் அந்தத் தட்டியில் மோதி நேராக மேடத்தின் தலைமாட்டில் வந்து இறங்கும். மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள், ‘பெரியவர்கள் பிள்ளைகளோடு இருப்பது நல்லதா, தனியாக இருப்பது நல்லதா?’ என்று கேள்வி வந்தபோது அவள் சும்மா எழுதினாள்: ‘எங்கள் வீட்டில் ஹால் முழுவதையும் ஒரு இருமலுக்கு விட்டிருக்கிறோம். அது வாடகையும் தருவதில்லை, காலியும் செய்வதில்லை.’

அவள் எழுதியதிலேயே அதிக இதயம் வாங்கியது அதுதான். முதல் இதயம் போட்டது, மறுநாளே ‘மாடிப்படி’ என்று பெயரை மாற்றிக்கொண்ட ஆள். மாடிப்படி யாருக்கும் லேசில் இதயம் போடுகிற ஆள் இல்லை என்பதால் அவளுக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு, அதற்கப்புறம் மாமனாரின் இருமலும் குறைந்துபோனது. புது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாடிப்படி எழுதினால் தன் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தாள். அந்த ஆளின் கருத்து எப்போதும் விடியற்காலையில்தான் வரும். சுருக்கமாக இருக்கும், சுருக்கென்றும் இருக்கும். ஒருநாள் ‘கூட இருக்கிறவரின் எந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு மாடிப்படி எழுதியது: ‘எங்கள் வீட்டில் ஒருத்தி தேய்ந்த சோப்பின் சில்லைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவாள். இரண்டும் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. நானும் ஒரு நாளும் சொன்னதில்லை.’

மேடம் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று காலையில்தான் அவள் ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

சோப்பை யார்தான் ஒட்டவில்லை என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. மாடிப்படி! லிஃப்ட் மெக்கானிக்கைத் தவிர வேறு யார் இப்படிக் குசும்பாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் ஊருக்கெல்லாம் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பொறாமைதான் வந்தது. தனக்கு ஒரு ‘உன் இஷ்டம்’, முகம் தெரியாதவர்களுக்கு மூன்று வரி!

அடுத்த வாரம் வந்த கருத்து அவளைப் பொறாமையோடு விடவில்லை. ‘பெரிய முடிவை வீட்டில் முன்னாலேயே சொல்ல வேண்டுமா, எடுத்த பிறகு சொன்னால் போதுமா?’ என்பது கேள்வி. மாடிப்படி எழுதியிருந்தது: ‘எடுத்த பிறகு போதும். முன்னால் சொன்னால் வாய் “போகாதே” என்று சொல்லும், முகம் வேறொன்று சொல்லும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் நான் இந்த வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன்.’

பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் போகப்போகிறான். அதைத் தன்னிடம் சொல்லாமல் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

அன்றிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் சாட்சி. கணவன் புது செருப்பு வாங்கினால் பயணத்துக்கு. அலமாரியை ஒழித்தால் மூட்டை கட்டுவதற்கு. விடியற்காலையில் வாசல் தாழ்ப்பாள் ‘டொக்’ என்று மெதுவாகத் திறக்கும் சத்தம் அரைத் தூக்கத்தில் அவள் காதில் விழும். பக்கத்தில் தடவிப் பார்த்தால் சில நாள் அவன் இருக்கமாட்டான். குளியலறையில் விளக்கு எரியும். விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நழுவுவது எவ்வளவு பழைய தந்திரம் என்று அவள் பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் போனில் மணி அடிக்கும், மாடிப்படியின் கருத்து வரும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனாலும் அவள் மேற்பார்வை பார்க்கிறவள். சந்தேகம் வேறு, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. சலவை நிலையத்தில் துணி காணாமல் போனால் அவளிடம் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வண்டியில் போகும் போர்வையிலும் ஓரத்தில் ஒவ்வொரு நிற நூலால் ஒரு தையல் போடச் சொல்வாள். கடைசியில் எந்த நிறம் திரும்பி வரவில்லையோ, அந்த வண்டிக்காரர்தான் ஆள். இதுவரை தப்பியதில்லை.

படுக்கையை விரிக்கும்போது கணவனிடம் அந்த நூலைப் போட்டாள். “ஏங்க, நான் முடிய வெட்டிக்கப் போறேன். காது தெரியற மாதிரி, குட்டையா.”

அவன் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தான். “உன் இஷ்டம்.”

இந்தச் சேதியை வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. வெட்டிக்கொள்கிற எண்ணமும் கிடையாது. மறுநாளே தளத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினாள்: ‘கூட இருக்கிறவர் திடீரென்று தன்னை மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னால் கருத்துச் சொல்லலாமா?’ ரெண்டு நாள் கழித்து அது வந்தது. கூடவே மாடிப்படியும் வந்தது. ‘எங்கள் வீட்டில் ஒருத்தி காது தெரிய முடி வெட்டிக்கொள்ளப் போகிறாளாம். அவள் முகத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொல்லமாட்டேன். என்னைக் கேட்கவில்லை.’

கேட்கவில்லையாம்! கேட்டிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பாய் என்று அவள் போனைப் பார்த்தே திட்டினாள். அதற்கப்புறம் வேலையில் கை ஓடவில்லை. நேராக மடிக்க வேண்டிய போர்வைகளைக் கோணலாக மடித்து, தனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் தானே பேச்சு வாங்கினாள். சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கருத்துக்குக் கீழே எழுதினாள்: ‘எப்போது கிளம்புகிறீர்கள்?’

வீட்டில் கணவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் நுரை. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“சொல்லுங்க. எங்க போறீங்க?”

“எங்கயும் போகலியே. பாத்திரம் கழுவறேன்.”

“நடிக்காதீங்க. மாடிப்படி நீங்கதானே?”

அவன் திருதிருவென்று முழித்தான். “நான் லிஃப்ட்டும்மா.”

“ஊருக்கெல்லாம் கருத்து சொல்றீங்க. எங்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரல. பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகணும். இப்படித் திருட்டுத்தனமா…” போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவன் கையைத் துடைக்காமலே குனிந்து படித்தான். படித்து முடிக்க நேரம் பிடித்தது. “ஏம்மா, இவ்வளவு எழுதறதுக்கு எனக்குக் கருத்து எங்க இருக்கு?”

அது உண்மை என்று அவளுக்கே பட்டது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அவன் கை இன்னும் நுரையோடுதான் இருந்தது. மாடிப்படி பதில் எழுதியிருந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.’

தூங்கலாமா? அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள். ஹாலிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஒற்றை விரலால் எதையோ மூடிக்கொண்டிருந்தார். அந்தப் போனில் அவர் செய்தியும் மழையும் மட்டும்தான் பார்க்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்தாள் என்பதுகூடத் தப்பு, அவள் நினைத்தே பார்த்ததில்லை. போர்வை என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நூல் போடுகிறவள், வீட்டில் ஒரே ஒரு நூலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் காது இருப்பது அவள் கணக்கிலேயே வரவில்லை.

“மாமா… நீங்களா?”

“ஆமாம்மா.” அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “உன்ன நான் எப்பவோ கண்டுபிடிச்சுட்டேன். போர்வையோட நாலாவது மடிப்புல ஆளோட குணம் தெரிஞ்சுடும்னு நீ அடிக்கடி சொல்லுவியே.”

அவளுக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த வரி ஞாபகம் வந்தது. காது சுட்டது. “அப்ப அந்த இருமல் சமாச்சாரம்…”

“ரொம்ப நல்லா எழுதியிருந்தே. வாய்விட்டுச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இதயமும் போட்டேன்.” போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். “அப்புறம்தான் தெரிஞ்சுது, இருமல் என்னோடதுன்னு.”

மேடத்துக்கு அழுகை வந்தது. அழுதால் அதுவும் நடிப்பாகத் தெரியுமோ என்று அதையும் சந்தேகப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

“எங்க போறீங்க, மாமா?”

“டிப்போவுல என்கூட இருந்தவர் ஒருத்தர் தனியா இருக்கார். நல்ல மனுஷன். அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. இருமினா ஒண்ணும் ஆகாது.”

அதற்குள் கணவனும் வந்து நின்றான். நுரை தரையில் சொட்டியது. மாமனார் அவனைப் பார்த்தார். “நீ என்னடா சொல்றே?”

“உங்க இஷ்…” என்று ஆரம்பித்தவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். ரொம்ப நாளாக ஓடாத லிஃப்ட்டை நகர்த்துகிற மாதிரி, கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையை மேலே கொண்டுவந்தான். “போகாதீங்கப்பா.”

“நீ சொல்லும்மா,” என்றார் பெரியவர். “நேரா சொல்லு. இங்க இதயம் யாரும் போடமாட்டாங்க.”

“நான் எழுதினது பொய்யில்ல, மாமா. விடியக்காலையில எனக்குத் தூக்கம் போச்சு. எரிச்சலா வந்துச்சு. அதுக்காக நீங்க போகணும்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. சத்தியமா நினைச்சதில்ல.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒன்று சொல்லி முகம் வேறொன்று சொல்கிறதா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

“பாக்கலாம்,” என்றார்.

பாக்கலாம் என்றால் இருக்கிறேன் என்றா, ஞாயிற்றுக்கிழமை பாக்கலாம் என்றா? அவளால் நம்ப முடியவில்லை. “அது ஏன் மாமா மாடிப்படின்னு பேரு?” என்று பேச்சை வளர்த்தாள்.

“அங்க உக்காந்துதான் எழுதறேன்.”

“அங்க எதுக்கு?”

“காத்து வரும்.”

அந்தப் படிக்கட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது என்பது படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விடியற்காலையில் ‘டொக்’ என்று தாழ்ப்பாள் திறந்தது. இந்த முறை முழித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் கணவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஹாலில் கட்டில் காலி, போர்வை ஒழுங்காக நாலாய் மடித்து வைத்திருந்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தாள். குனிந்து பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே பெட்டி இருந்தது. அப்படியும் நம்பாமல், செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

நாலைந்து படி கீழே அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. துண்டைச் சுருட்டி வாயில் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கேட்காமல் இருமிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படியில் போன் வெளிச்சமாகக் கிடந்தது. அன்றைய கேள்வி வந்திருந்தது.

மூன்று மாதமாக நன்றாக வேலை செய்த மருந்து எது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

படியிறங்கிப்போய் அவர் கையிலிருந்த துண்டை மெதுவாக உருவினாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“உள்ள வந்து இருமுங்க, மாமா,” என்றாள்.