முந்திரிக்கொட்டை

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. பத்து மாதம் பொறுக்க மாட்டாமல் முன்னாலேயே பிறந்துவிட்டாள் என்று அம்மா கொஞ்சலாக வைத்த பெயர். அன்று முந்தியவள் அப்புறம் நிற்கவே இல்லை. எனக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம், எனக்கு முன்னால் அவளுக்குச் சொந்த வீடு. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் நான் உழைத்த மென்பொருளை எனக்கு முன்னால் அவள் வெளியிட ஆரம்பித்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மென்பொருளின் பெயர் படப்பெட்டி. கணினியில் குப்பையாகக் கிடக்கும் புகைப்படங்களை ஒழுங்காக அடுக்கித் தரும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நாங்கள் சிலர், வேலை முடிந்த நேரங்களில் கூலி வாங்காமல் எழுதுவது. வெளியீட்டுப் பொறுப்பு என்னுடையது. புதிய பதிப்பு தயாரானதும் கோப்பைத் தலைமை சர்வரில் ஏற்றுவேன். அங்கிருந்து துணை சர்வர்கள் பிரதி எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கும். சேர்ந்த பிறகுதான் அறிவிப்பு. இல்லாவிட்டால் மொத்தக் கூட்டமும் தலைமை சர்வர் மேல் விழுந்து அதைப் படுக்க வைத்துவிடும்.

அந்த இடைவெளியில்தான் என் தங்கை புகுவாள். அவள் நடத்துவது மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் தளம். ஏதாவது ஒரு துணை சர்வரில் எங்கள் கோப்பு தலை காட்டினால் போதும், "புதிய படப்பெட்டி, முதலில் இங்கே!" என்று பெரிய பச்சைப் பொத்தானோடு போட்டுவிடுவாள். கீழே வரிசையாக நன்றி. மறுநாள் நான் பார்த்துப் பார்த்து எழுதிய அறிவிப்பைப் போட்டால், "இது நேத்தே வந்துடுச்சே" என்று யாராவது எழுதிவிட்டுப் போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, நான் அறிவிக்கிறதுக்கு முன்னாடி நீ எப்படிப் போடலாம்?"

"யார் வேணும்னாலும் எடுக்கலாம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்னு உரிமத்துல நீங்கதானேக்கா எழுதி வெச்சிருக்கீங்க?"

"கதவு தொறந்திருந்தா படுக்கையறை வரைக்கும் வந்துடுவியா?"

"சின்னவதானே, விடேன்டி," என்றாள் அம்மா. "உனக்குத்தானே விளம்பரம் பண்றா?"

சின்னவளாம்! அவள் தலையிலும் நரை எட்டிப் பார்த்தாயிற்று.

அதற்கடுத்த பதிப்பில் நியாயம் என் பக்கம் வந்து சேர்ந்தது. கோப்பை ஏற்றிய பிறகு எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். படத்தைத் திருப்பி வைத்தால் மூலப்படமே அழிந்துவிடுகிறது. பதறிப்போய் எல்லா சர்வர்களிலிருந்தும் எடுத்தேன். தங்கையின் தளத்தில் அதற்குள் பலர் இறக்கிவிட்டிருந்தார்கள். தன் குழந்தையின் முதல் வருடப் படங்கள் போய்விட்டன என்று ஒரு பெண் எங்களுக்கு எழுதியிருந்தாள். அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"எனக்குத் தெரியாதேக்கா. இனிமே நீ அறிவிச்ச அப்புறம்தான் போடுவேன். சத்தியமா."

அந்தப் பெண்ணை நினைத்து மனசு ஆறவில்லை என்பது நிஜம். தங்கையின் முகம் சுண்டியதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்ததும் நிஜம்.

சத்தியத்தை நான் நம்பவில்லை. இந்த முறை கோப்புறைக்கே பூட்டுப் போட்டேன். துணை சர்வர்கள் மட்டும் பிரதி எடுக்கலாம், வெளியார் யாருக்கும் கோப்பு கண்ணில் படாது. மாலையில் பூட்டைத் திறந்து அறிவிப்பது என்று குழுவில் பேசி முடிவு செய்து, எங்கள் பக்கத்திலும் எழுதிவிட்டோம். சாவி என் கையில்.

காலையில் அலுவலகம் போனதும் அவள் தளத்தை எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? பொத்தான் இருந்தது, பச்சையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாதபடி. மேலே "புதிய படப்பெட்டி இன்று வருகிறது." கீழே அதற்குள் ஒரு கூட்டம், "காத்திருக்கிறோம்" என்று. எங்கள் பக்கத்தில் ஈ, காக்கை இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தான் தயார், கூட்டம் தயார். என் பூட்டில் எங்கேயோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டாள், மதியத்துக்குள் போட்டுவிடுவாள். சத்தியமாவது மண்ணாவது! துணை சர்வர்களில் பாதிகூட இன்னும் பிரதி எடுத்து முடிக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பூட்டைத் திறந்தேன். அறிவிப்பையும் போட்டேன்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு முன்னால் நான்! அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம் நிலைத்தது. பிறகு கூட்டம் வந்தது. தலைமை சர்வர் திணறியது, படுத்தது. எங்கள் பக்கம் வெள்ளைத் தாளாக நின்றது.

குழு அரட்டையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் எழுதினார். அதட்டத் தெரியாத சாது மனிதர். எங்கள் வீட்டுச் செல்லப் பெயரெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

"சாயங்காலம்னுதானே பேசினோம்? எந்த முந்திரிக்கொட்டை அதுக்குள்ள தொறந்து விட்டது?"

காது மடல் சுட்டது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, அறிவிப்பு பாத்தேன். கோப்பு இறங்கவே மாட்டேங்குது. சாயங்காலம்தானே போட்டிருந்தீங்க? நான் பொத்தானை மூடி வெச்சுட்டு உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

எங்கள் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன், அதே வெள்ளைத் தாள். அவளிடம் கேட்டேன்.

"உன் சர்வர் இந்தக் கூட்டத்தைத் தாங்குமா?"

"இதென்னக்கா கூட்டம்? எனக்கு தினமும் இதைவிட ஜாஸ்தி."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் கணினியில் இருந்த கோப்பை நானே அவளுக்கு அனுப்பி வைத்தேன்.

"நிஜமாவே போடட்டுமா? நீ சொன்னாத்தான் போடுவேன்."

"போட்டுத் தொலைடி!"

சாம்பல் பொத்தான் பச்சையானது. அரட்டையில் அந்தக் கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடந்தது. "நான்தான்" என்று எழுதி அனுப்பினேன். பிறகு தங்கையின் பக்கத்துக்குத் திரும்பி வந்து பார்த்தேன். நன்றி மேல் நன்றியாக ஏறிக்கொண்டிருந்தது, எல்லாம் அவளுக்கு.