ஆறு மணி அழைப்பு

சோசாம்மா அத்தையைத் திருவல்லாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போகத்தான் டப்ளினிலிருந்து வந்திருந்தேன். அப்பாவின் தங்கை, கல்யாணமே செய்துகொள்ளாதவர், வயது எண்பத்தொன்று. குன்றின்மேல் ஒரு வீட்டில் தனியாக இருந்தார், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து எழுபது படி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காலையில் பேசலாம் என்று போய்ப் படுத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு யாரையோ போனில் அழைத்தார். "எழுந்தாச்சா? சரி, அடுத்த ஆளைக் கூப்பிடு." அவ்வளவுதான் பேச்சு. அந்தக் குன்றில் தனியாக இருக்கும் முதியவர்கள் இருபத்திரண்டு பேராம். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் போல வெளிநாட்டில். ஒருவர் அடுத்தவரை அழைக்க, கடைசி ஆள் ஆறரைக்குள் அத்தையை அழைக்க வேண்டும். ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன்.

அன்று ஆறரைக்கு அழைப்பு வரவில்லை.

அத்தை முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பதறவில்லை. வரிசையின் நடுவில் இருப்பவரைக் கேட்டார்; அவருக்கு அழைப்பு வந்திருந்தது. இன்னும் தள்ளி ஒருவர், அவருக்கு வரவில்லை. நான்காவது அழைப்பில் இடம் தெரிந்துவிட்டது. குரியச்சன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்கு வந்த அழைப்பில் பேசியிருக்கிறார்; அடுத்தவரைக் கூப்பிடவில்லை.

"சைனபா, குரியச்சன் வீட்டுச் சாவி உங்கிட்டதானே? சீக்கிரம் போ," என்று போனில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நர்ஸுதானேடி நீ? செருப்ப மாட்டு."

குரியச்சனின் பக்கத்து வீட்டு சைனபா சேச்சி எனக்கு முன்பே கதவைத் திறந்திருந்தார். சமையலறைத் தரையில் குரியச்சன் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நான் ஆம்புலன்ஸ் என்று ஆரம்பித்தேன்.

"அது இந்தப் படியெல்லாம் ஏறாது மோளே," என்றார் சேச்சி. "அந்த நாற்காலிய இழு."

பிரம்பு நாற்காலியில் அவரை உட்காரவைத்து வேட்டியால் கட்டினோம். தூக்க வந்த நால்வரில் இளையவருக்கு அறுபத்தாறு. ஒருவர் குரியச்சனின் காதருகே, "காலம் பூரா ஊரையே ஏத்திட்டுப் போன ஆளு நீ. இன்னிக்கு டிரிப் எங்களோடது," என்றார். படியில் மூன்று திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பேர் தயாராக நின்றார்கள். எல்லாம் நரைத்த தலைகள். கை மாறியது, நாற்காலி சாயவே இல்லை. அத்தனை பேரையும் அத்தை வீட்டில் இருந்தபடியே போனில் வரவழைத்திருந்தார். பதினாறு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் நான். இவ்வளவு நேர்த்தியை அங்கே பார்த்ததில்லை.

கீழே ஜீப் தயாராக இருந்தது. மணி ஏழு ஐந்து.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. யார் பார்த்தது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "அத்தைக்கு வர வேண்டிய ஒரு போன் வரலை, டாக்டர்," என்றேன்.

மதியம் திரும்பியபோது, குரியச்சன் வரும்வரை அவர் இடத்தில் யார் அழைப்பது என்று அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குப் போய் முதியோர் இல்லத்துக்கு போன் செய்து, அத்தை வரவில்லை என்று சொன்னேன்.

இருபத்து நான்காம் நாள் குரியச்சன் வீடு திரும்பினார். இடது கை இன்னும் சரியாக வரவில்லை. சாப்பாடு முறை வைத்து வருகிறது. சைனபா சேச்சியின் மீன் குழம்பில் புளி போதவில்லை என்று குழறலாகக் குறை சொல்கிறாராம்.