நடு ஸ்பீக்கர்

சிடி கடை உதயகுமார் எனக்குத் தரவேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். அவன் தங்கையின் கல்யாணப் புடவைக்கு நெசவுக்கூலி பாக்கி. காசுக்குப் பதிலாக, என் மகள் இளவரசி தேவாரம் பாடிய டிவிடியை எம்பி3 ஆக்கித் தருவதாகச் சொன்னான். ஆறு ஸ்பீக்கருக்குப் பதிந்ததாம், இரண்டுக்குச் சுருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் படித்த திமிர். மகள் கல்யாணமாகிச் சேலம் போய்விட்டாள். தறியில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

அவன் மாற்றிக் கொடுத்த சிடியை வீட்டில் போட்டால் மிருதங்கம் இருக்கிறது, தாளம் இருக்கிறது, மகளைக் காணோம். சிடியோடு அவன் கடைக்கே திரும்பிப் போனேன்.

“உன் பிளேயர் ஓட்டைண்ணா,” என்றான்.

“மத்த பாட்டெல்லாம் அதுல நல்லாத்தானே பாடுது! நீ எதை எடுத்தே, எதை உட்டே?”

“ரெண்டு பக்கத்து ஸ்பீக்கரை எடுத்தேன். அதான் ஸ்டீரியோ.”

“நடுவுல ஒண்ணு மாட்டி வெச்சிக்கிறியே, அது?”

“அது எதுக்குண்ணா?”

“ரெண்டு கரையை வெச்சிக்கினு, உடலை அறுத்துப் போட்டுட்டு, இதான் புடவைன்றே. உன் தங்கச்சிக்கு நான் அப்டி நெய்ஞ்சு குடுத்தா மணவறையில உக்காந்திருப்பாளா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் கறுத்துப்போய், பாட்டுக் குரல் பதிந்திருந்த நடுச் சேனலையும் சேர்த்து மறுபடி மாற்றினான். இளவரசி பாடினாள். அவள் முதல் அடியை முடிக்கும்வரை நான் அவனைத் திட்டவில்லை.

“கணக்கு தீந்துதாண்ணா?”

“தீந்துதுபா. இனிமே உன் பைசாவும் வேணாம், உன் சகவாசமும் எனக்கு வேணாம்,” என்று சிடியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.