மூன்றாவது சிலிண்டர்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. என்ஜின் ரூமில் நிமிர இடமில்லை. குனிந்தால் முதுகுத்தண்டில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல் இருந்தது. பலகையில் மல்லாந்து படுத்துவிட்டேன். திறப்பு வழியாக இறங்கிய வெயில், அடியில் தேங்கிய தண்ணீரில் பட்டு, தலைக்கு மேல் வெள்ளை நெளிவுகளாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிய இடத்திலேயே படகு மெல்ல ஏறி இறங்கியது. டீசல் வாடையில் பசிகூடத் தூங்கிவிட்டது. அப்படியே கிடந்தால் பேர், வீடு எல்லாம் கரைந்துபோகும். இரண்டு மாதமாக எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மேலே முதலாளியம்மா நடக்கும் சத்தம் கேட்டது. புகை தள்ளுகிறது, வலை இழுக்கும்போது மூச்சு வாங்குகிறது, மற்ற படகுக்காரர்கள் மீனை விற்றுவிட்டுக் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் இது கரை சேர்கிறது என்று காலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டாள். டிரைவரை மாற்றியும் அதே கதி என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

மாற்றப்பட்ட டிரைவர் என் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. இரண்டு மாதத்துக்கு முன்பு டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய மெக்கானிக் நான். மறுவாரமே புகை. ஏன் என்று கேட்டபோது, டீசல் வடிகட்டிக் கிண்ணத்தில் கிடந்த நாலு சொட்டுத் தண்ணீரைக் காட்டி, டீசலில் தண்ணீர் என்று சொன்னேன். எந்தப் படகின் கிண்ணத்திலும் நாலு சொட்டு கிடக்கும். டீசல் பிடிப்பது மச்சினன் பொறுப்பு. நல்ல டீசலை விற்றுவிட்டுத் தண்ணீர் கலந்தான் என்பதை நான் சொல்லவில்லை, துறைமுகம் சொல்லிக்கொண்டது. நான் மறுக்கவும் இல்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனான். இப்போது ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளுகிறான். வீட்டில் பெண்டாட்டி சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

புது டிரைவர் ஸ்டார்ட் பண்ணினான். ஸ்பேனரால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன்; தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. முதலாவதைத் தளர்த்தியதும் என்ஜின் தடுமாறியது, இறுக்கினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாலு பேர் கயிறு இழுக்கையில் ஒருத்தன் மட்டும் கையை வைத்துக்கொண்டு நடிக்கிறான். நாலாவது சரியாகவே இழுத்தது. டீசலில் கோளாறு என்றால் நாலும் திணறியிருக்கும்.

நிறுத்தச் சொன்னேன். டிரைவர் டீ குடிக்கப் போனான். சூடு ஆறும்வரை கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்கினேனா என்று தெரியாது. மச்சினன் படகின் முன்னால், அணியத்தில் நின்று சிரிப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றினேன். முனை ஈரமும் கரியுமாக இருந்தது. செம்பு வாஷர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். அடியில் இன்னொரு வாஷர்.

பழைய வாஷர் கூடவே வெளியே வந்துவிட்டதா என்று பார்ப்பது இந்த வேலையில் முதல் பாடம். அன்றைக்கு டார்ச்சில் சார்ஜ் இல்லை. பசி, அவசரம். பழையதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன். இன்ஜெக்டர் அந்தத் தடிமனுக்கு மேலே தூக்கி உட்கார்ந்து, இரண்டு மாதமாக டீசலைத் தப்பான இடத்தில் தூவிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பிக் கொக்கியால் நெம்பி எடுத்தேன். என் மோதிர விரலுக்குக்கூடப் போதாத வளையம்.

“என்னண்ணே, டீசல்தானே?” திறப்பில் முதலாளியம்மாவின் தலை தெரிந்தது. தலைக்கு மேல் ஓடிய வெள்ளை நெளிவுகள் அவள் நிழலில் அணைந்தன.

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“இல்லம்மா. நான் பண்ண தப்பு. டீசல் அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

வீணாக ஒருத்தனை இறக்கிவிட்டேனே என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, “புதுசா வந்தவனும் புள்ளகுட்டிக்காரன். இவன எப்படிண்ணே போகச் சொல்றது?” என்றாள். ஒரே வாஷரோடு மாட்டி ஓட்டியபோது நாலும் சேர்ந்து இழுத்தன. புகை இல்லை. அவள் பாராட்டவில்லை.

ஐஸ் கம்பெனிக்குள் வெண்புகை முழங்கால் உயரத்துக்கு நின்றது. நடப்பவர்கள் காலே இல்லாதவர்கள் போல மிதந்தார்கள். மச்சினன் இரும்புக் கொக்கியோடு வந்தான்.

“வாங்க மாமா. என்ன, கெழவி எந்திரிச்சு நடந்துச்சா?” அந்தப் படகை அவன் அப்படித்தான் சொல்வான்.

“நடந்துச்சு மாப்ள.”

“என்ன கோளாறாம்?”

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; சரிவில் அடுத்த பாளம் வந்துகொண்டிருந்தது. “தள்ளி நில்லுங்க, காலு போயிடும்” என்று சொல்லிக் கொக்கியைப் போட்டான். பாளம் எங்கள் இருவருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. அதற்குள் ஏதோ விளக்கு எரிவது போலிருந்தது. அவனும் அதன் பின்னால் வெண்புகைக்குள் போனான். கொக்கி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். என் மச்சினனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.